ஒரு நெம்புகோல் பிறந்த கதை

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அதன் மதர்போர்டில் ஒரு சாக்கெட்டைக் காலியாகவே விட்டிருந்தது. இன்டெல் 8088 பிராசசருக்குப் பக்கத்தில், 40 பின்களுக்கான இடம். தசமக் கணக்குகளை விரைவாகப் போடும் 8087 சிப்பைப் பிற்பாடு வாங்குபவர்களுக்காக அது ஒதுக்கப்பட்டது. வாங்கியவரே தன் கணினியின் மூளையில் கைவைக்கலாம் என்ற உரிமை வீட்டுக்குள் நுழைந்தது அந்தக் காலி இடத்தின் வழியாகத்தான் என்பது என் எண்ணம்.

8088 பிராசசரும் சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருந்தது. 1984-ல் ஜப்பானின் என்இசி நிறுவனம் வி20 என்ற சிப்பைக் கொண்டுவந்தது. பலர் 8088-ஐ மெல்ல நெம்பி எடுத்துவிட்டு அந்த இடத்தில் வி20-ஐ அழுத்தினார்கள். இயந்திரம் முன்பைவிடச் சற்று வேகமாக ஓடியது. பின்களின் எண்ணிக்கை ஒத்துப்போனது மட்டும் இதற்குக் காரணமில்லை. எந்தப் பின்னில் எந்தச் சமிக்ஞை, எவ்வளவு வோல்ட், எந்தக் கட்டளைகள் என எல்லாமே ஒத்துப்போயின. பொருத்தம் என்றால் இத்தனையும் சேர்ந்ததுதான்.

1989-ல் 486 வந்தபோது பின்கள் 168 ஆகியிருந்தன. சிப்பின் அடியில் வரிசை வரிசையாக நின்ற அத்தனை பின்களையும் சாக்கெட் ஒரே நேரத்தில் இறுகப் பிடிக்கும். உள்ளே தள்ளக் கட்டைவிரலில் பலம் வேண்டும். தள்ளும்போது மதர்போர்டே வளையும். எடுப்பது அதைவிடக் கடினம். ஒரு பக்கம் கூடுதலாக நெம்பிவிட்டால் பின்கள் சாய்ந்துவிடும்.

இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் நெம்புகோல் வந்தது. அதைத் தூக்கினால் சாக்கெட்டின் மேல்தட்டு இம்மியளவு நகர்ந்து, உள்ளிருக்கும் பிடிகள் தளரும். பிராசசர் தன் எடையிலேயே இறங்கி உட்காரும். கோலைத் தாழ்த்தினால் பிடிகள் இறுகும். ஜிஃப் சாக்கெட் என்பது இதுதான். சிப்புகளைச் சோதிக்கும் கருவிகளில் ஏற்கெனவே இருந்த ஏற்பாடு, 486 காலத்தில் வீட்டுக் கணினிக்கு வந்து சேர்ந்தது.

கை வலிக்காமல் மாற்ற முடிந்தது. எதை மாற்றலாம் என்பதை மட்டும் தயாரிப்பாளர்களே தீர்மானித்தார்கள். 1991-ல் இன்டெல், கணிதப் பகுதி இயங்காத 486எஸ்எக்ஸ் என்ற பிராசசரை விற்றது. கணிதம் வேண்டுமென்றால் பக்கத்துச் சாக்கெட்டில் 487எஸ்எக்ஸ் போடவேண்டும். அந்த 487 வெறும் கணிதச் சிப் அல்ல, கூடுதலாக ஒரு பின்னோடு வந்த முழுமையான 486. அது உட்கார்ந்ததும் பழைய பிராசசரை உறங்க வைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே செய்தது. வாங்கியவர் இரண்டுக்கும் காசு கொடுத்தார், உழைத்தது ஒன்றுதான். 1992-ல் ஓவர்டிரைவ் என்ற பெயரில் மேம்படுத்தல் சிப்புகளை இன்டெல் தனி வியாபாரமாகவே வளர்த்தது.

உட்காரும் சிப் எல்லாம் ஓடும் சிப் அல்ல என்ற பாடமும் அப்போதே வந்தது. 1994-ல் வந்த டிஎக்ஸ்4 பிராசசருக்கு 3.3 வோல்ட் போதும். பழைய 486 மதர்போர்டுகள் கொடுத்ததோ 5 வோல்ட். பின்கள் சரியாக இறங்கும், ஆனால் மின்சாரம் பாய்ந்தால் சிப் கருகும் ஆபத்து.

இந்த வரலாற்றில் வாங்குபவருக்குப் பொற்காலம் என்றால் அது சாக்கெட் 7 தான். 1990-களின் நடுவில் அந்த 321 துளைகளில் இன்டெல் பென்டியம், ஏஎம்டியின் கே5, கே6, சைரிக்ஸின் 6x86 என எல்லாமே உட்கார்ந்தன. மதர்போர்டில் இருந்த சிறு ஜம்பர்களை இடம் மாற்றி வோல்ட்டையும் வேகத்தையும் குறிக்கவேண்டும். அதைச் செய்துவிட்டால் எந்த நிறுவனத்தின் பிராசசர் வேண்டும் என்பது நம் விருப்பம்.

அந்தக் கதவு 1997-ல் மூடத் தொடங்கியது. பென்டியம் 2 ஒரு நீண்ட பெட்டி போல, ஸ்லாட் 1-ல் செருகும்படி வந்தது. கேஷ் நினைவகச் சிப்புகளைப் பிராசசருக்கு அருகில் வைக்க அந்தப் பெட்டி தேவைப்பட்டது. ஏஎம்டி 1999-ல் தனக்கென்று ஸ்லாட் ஏ கொண்டுவந்தது. கேஷ் பிராசசருக்குள்ளேயே அடங்கியதும் பெட்டிக்கு வேலையில்லாமல் போய், இருவரும் சாக்கெட்டுக்குத் திரும்பினார்கள். ஆனால் ஆளுக்கொரு சாக்கெட். 2004-ல் எல்ஜிஏ 775 வந்தபோது இன்டெல் பின்களைச் சிப்பிலிருந்து மதர்போர்டுக்கு மாற்றியது. அன்றிலிருந்து இன்டெல் போர்டுகளில் கோலின் வேலை, சிப்பை அந்தப் பின்கள்மீது அழுத்திப் பிடிப்பது.

2017-ல் வந்த எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசசர்கள் முந்தையவற்றின் அதே 1151 சாக்கெட்டில் அச்சாகப் பொருந்தின. ஆனாலும் பழைய 100, 200 வரிசை சிப்செட் போர்டுகளில் அவற்றுக்கு அதிகாரபூர்வ ஆதரவு இல்லை. ஏஎம்டியும் 2020-ல், ரைசன் 5000 வரிசையை 400 வரிசை சிப்செட் போர்டுகளில் போட முடியாது என்றது. வாங்கியவர்கள் உரக்க எதிர்த்தார்கள். அதே மாதத்தில் அந்த முடிவு மாறியது. 2022-ல் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் கொண்ட முதல் போர்டுகள் பலவற்றுக்கும் புதிய பயாஸ் மென்பொருள் கிடைத்து, 2017-ல் வாங்கிய போர்டில் 5800எக்ஸ்3டி பிராசசர் ஓடியது. தடை இருந்தது சாக்கெட்டில் அல்ல, மென்பொருளில் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆகவே, புதிய பிராசசருக்குக் காசு எடுக்கும் முன் சாக்கெட் பெயரை மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்ளாதீர்கள். போர்டில் அச்சிட்டிருக்கும் முழு மாடல் பெயரையும் ரிவிஷன் எண்ணையும் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் அந்தப் போர்டுக்கான சிபியு பட்டியலைத் தேடுங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் பிராசசர் அதில் உண்டா, எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று பாருங்கள். பழைய பிராசசரைக் கழற்றுவதற்கு முன்பே அந்த பயாஸை ஏற்றிவிடுங்கள். அதன்பிறகு நெம்புகோலைத் தூக்குங்கள்.