நடுங்கும் கைகளும் மருத்துவ வரலாறும்

பழவேற்காடு என்றதும் 1613இல் எழுந்த டச்சுக் கோட்டையும் பழைய துறைமுக வணிகமும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்த ஏரியை நம்பி வாழும் மீனவக் குப்பங்களிலோ மனிதனின் மூலதனம் அவன் கைகளே. வலை வீசுவதும் அறுந்த வலையைச் சரிசெய்வதும் அவைதாம். அத்தகைய கை நடுங்கி நடையும் தளர்ந்தால், 'வயதாகிவிட்டது' என்று சொல்லி விட்டுவிடுவது நம் சமூகங்கள் பலவற்றின் வழக்கம். அது முதுமையன்று, நோயாகவும் இருக்கலாம் என்பதை வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு ஸீனா, தமது 'அல்கானூன் ஃபித் திப்' நூலில் 'ரஃஷா' எனும் நடுக்கத்தை நரம்பு நோய்களுள் ஒன்றாக வைத்து ஆராய்ந்தார். 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், இன்று தம் பெயரால் வழங்கும் நோயை விவரித்தார். எனினும் அதன் காரணம் விளங்கவில்லை.

மருந்தோ நமக்கு மிக அருகில் இருந்தது. பழவேற்காட்டிற்குத் தெற்கே, சென்னையில், தாமோதரன், இராமசாமி எனும் அறிவியலாளர் இருவர் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபா எனும் பொருளைப் பிரித்தெடுத்து 1937இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். நாட்டு மருத்துவம் நெடுங்காலமாகக் கையாண்ட விதை அது. ஆயினும் அப்பொருள் எந்த நோயைத் தணிக்கும் என்பதை அன்றைய அறிவியல் அறிந்திருக்கவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்தே விடை கிடைத்தது. 1957இல் சுவீடன் அறிஞர் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் மருந்தால் அசைவிழந்த முயல்கள் லெவோடோபாவால் மீண்டும் இயங்குவதைக் காட்டினார். 1960இல் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிகீவிச்சும், பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பதைக் கண்டறிந்தனர். குறைந்தது எதுவெனத் தெரிந்ததும் மறு ஆண்டே லெவோடோபா நோயாளிகளுக்கு ஊசிவழி செலுத்தப்பட்டது. 1967இல் காட்சியாஸ், வாய்வழியாக அளவைப் படிப்படியாகக் கூட்டித் தந்து நீடித்த பயன் கண்டார்.

கண்டறியும் முறையையும் இவ்வறிவே வழிநடத்துகிறது. நடுக்கம் தோன்றுமுன்பே டோபமைன் சுரக்கும் செல்களில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. மணம் உணராமை, மலச்சிக்கல், கனவு கண்டு உறக்கத்தில் கைகால்களை வீசுதல் ஆகியவை சிலருக்குப் பல ஆண்டுகள் முன்பே தோன்றுகின்றன. இவை வேறு காரணங்களாலும் வரலாம். எனினும் இவற்றோடு செயல்களில் மந்தமும் சேருமாயின் நரம்பியல் மருத்துவரை நாடுவதே முறை.

லெவோடோபா செல்களின் அழிவைத் தடுப்பதில்லை, இயக்கத்தை எளிதாக்குகிறது. விதையில் அதன் அளவு சீராக இராது என்பதால் தாமாகவே பூனைக்காலியை உண்பதும் தகாது. ஆயினும் உரிய சிகிச்சை, உழைப்பால் வாழும் ஒருவருக்குத் தம் கையால் வேலை செய்யும் ஆண்டுகள் சிலவற்றை மீட்டுத் தரவல்லது. முதுமையென்று எண்ணி அவ்வாண்டுகளை இழப்பது நாம் தவிர்க்கக்கூடிய இழப்பாகும்.