பரவலாக்கப்பட்ட சமூக ஊடகங்கள் கணினி அறிந்தோருக்கு மட்டுமா?

பரவலாக்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் இலங்கைத் தமிழரின் நினைவுக்கு முதலில் வருவது கணினியன்று, மாகாண சபைதான். 1987ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தினூடாக அதிகாரம் பரவலாக்கப்பட்டதாகச் சட்டப் புத்தகம் கூறுகின்றது. காணி, பொலிஸ் அதிகாரங்களுக்கு நடைமுறையில் என்ன நேர்ந்தது என்பதை வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ஏட்டில் பகிரப்பட்ட அதிகாரம் நடைமுறையில் எவருடைய கையில் தங்கிவிடுகின்றது என்ற அதே கேள்வி இன்று இணையத்திலும் எழுந்திருக்கின்றது.

முகநூலையோ முன்னர் டுவிட்டர் எனப்பட்ட எக்ஸ் தளத்தையோ ஒரே நிறுவனம் தனது கணினிகளில் நடத்துகின்றது. விதிகளை அந்நிறுவனமே வகுக்கின்றது. மாஸ்டடொன் போன்ற பரவலாக்கப்பட்ட தளங்களின் அமைப்பு வேறு. சேர்வர் எனப்படும் வழங்கிக் கணினியை எவரும் நிறுவலாம். ஒவ்வொரு வழங்கிக்கும் அதன் சொந்த விதிகள் உண்டு. எனினும் ஒரு வழங்கியில் இருப்பவர் மற்றொன்றில் இருப்பவருடன் உரையாடலாம். இத்தளங்களைப் பற்றி அடிக்கடி கூறப்படும் குறை ஒன்றுண்டு. அவை கணினி வல்லுநர்களின் விளையாட்டு மைதானம், சாதாரண மக்கள் அங்கே போகமாட்டார்கள் என்பதே அது. இக்கூற்றில் எவ்வளவு உண்மை உள்ளது என்பதை அறிய நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாற்றைப் புரட்டிப் பார்க்கவேண்டும்.

1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின்படிப்பு மாணவர்களான ரொம் ட்ரஸ்கொட், ஜிம் எலிஸ் ஆகிய இருவரும் யூஸ்நெட் என்ற வலையமைப்பைத் திட்டமிட்டனர். அயலிலிருந்த வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் பெலோவின் அதற்கான முதல் நிரலை எழுதினார். 1980இல் அது வெளியுலகுக்கு அறிமுகமானது. ஒரு கணினி இன்னொரு கணினியைத் தொலைபேசி வழியாக அழைத்துச் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும். அச்செய்தி அங்கிருந்து அடுத்த கணினிக்குப் போகும். நடுவில் தலைமையகம் எதுவும் இல்லை, உரிமையாளரும் இல்லை.

அங்கே ஆரம்பத்தில் கூடியவர்கள் கணினித்துறையினரே. அதற்குக் காரணம் எளிமையானது. உள்ளே நுழைவதற்குப் பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ கணக்கொன்று தேவைப்பட்டது. திறப்பு எவரிடம் இருந்ததோ அவரே உள்ளே இருந்தார். பின்னாளில் தமிழ்ப் பண்பாட்டுக்கென ஒரு குழுவும் இலங்கைக்கென ஒரு குழுவும் அங்கே தோன்றியபோது, தமிழ் எழுத்துகளைத் திரையில் காண்பதே அரிதாக இருந்த காரணத்தால் தமிழர்கள் ஆங்கிலத்திலும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழிலும் உரையாடினார்கள்.

ஒவ்வோராண்டும் செப்டெம்பரில் புதிய மாணவர்கள் பல்கலைக்கழகங்களுக்கு வந்துசேர்வார்கள். யூஸ்நெட்டின் மரபுகள் தெரியாமல் தடுமாறுவார்கள். பழையவர்கள் கற்றுக்கொடுப்பார்கள், சில வாரங்களில் அமைதி திரும்பும். 1994இன் முற்பகுதியில் அமெரிக்கா ஒன்லைன் நிறுவனம் தனது சந்தாதாரர்கள் அனைவருக்கும் யூஸ்நெட்டின் கதவைத் திறந்துவிட்டது. மக்கள் வெள்ளமெனப் புகுந்தனர். 1993 செப்டெம்பர் இன்னும் முடியவேயில்லை என்று பழையவர்கள் நொந்துகொண்டனர். இதை நாம் கவனிக்கவேண்டும். கதவு திறந்த மாத்திரத்தில் சாதாரண மக்கள் வந்தார்கள். அவர்கள் வந்துவிட்டார்களே என்பதுதான் அன்றைய முறைப்பாடு.

இதைவிட வலிமையான சான்று மின்னஞ்சலாகும். 1971இல் ரே டொம்லின்சன் இரு கணினிகளுக்கிடையே முதல் மின்னஞ்சலை அனுப்பினார். 1982இல் அதற்கான பொது நெறிமுறை வெளியானது. மின்னஞ்சலுக்கு இன்றுவரை தனி உரிமையாளர் கிடையாது. ஒரு நிறுவனத்தின் முகவரியிலிருந்து வேறொரு நிறுவனத்தின் முகவரிக்குக் கடிதம் தடையின்றிப் போய்ச் சேர்கின்றது. பரவலாக்கப்பட்ட தொடர்பாடல் என்பதன் அச்சொட்டான உதாரணம் இதுவே. கச்சேரியில் பணியாற்றும் எழுதுவினைஞரும் ரொறன்ரோவிலுள்ள மகளுக்கு ஆவணம் அனுப்பும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் இதைப் பயன்படுத்துகின்றனர். மின்னஞ்சல் வல்லுநர்களுக்கு மட்டுமே உரியது என எவரும் கூறுவதில்லை. அலுவலகம் முகவரி கொடுத்தது, பல்கலைக்கழகம் கொடுத்தது, பின்னர் கைத்தொலைபேசியே கேட்டு வாங்கிக்கொண்டது. எந்த வழங்கி வேண்டும் என்ற கேள்வி பெரும்பாலானோர் முன்னே வைக்கப்படவேயில்லை.

இப்போது மாஸ்டடொனுக்கு வருவோம். ஜேர்மனியில் வாழ்ந்த இயூஜென் ரொச்கோ என்ற இளைஞர் 2016ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். முதலில் வந்தவர்கள் கணினித்துறையினர்தாம். ஆயினும் 2017 ஏப்ரலில் ஜப்பானின் ஓவியத் தளமான பிக்சிவ் நிறுவனம் பாவூ என்ற வழங்கியைத் தொடங்கியதும் நிலைமை மாறியது. டுவிட்டரின் பட விதிகளால் இடருற்ற ஓவியர்களும் சித்திரக்கதை ரசிகர்களும் அங்கே திரண்டனர். சிறிது காலத்திலேயே மாஸ்டடொனின் மிகப் பெரிய வழங்கிகளுள் முன்னணியில் நின்றவை ஜப்பானியருடையவையாக இருந்தன. அவர்களை அங்கே கொண்டுவந்தது கணினி மோகமன்று. வரைந்த படத்தை வைக்க ஓரிடம் வேண்டும் என்ற தேவையே.

2019 நவம்பரில் இந்தியாவில் இதுபோன்ற ஒரு நகர்வு நிகழ்ந்தது. உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை டுவிட்டர் முடக்கியதை எதிர்த்து வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், சமூகச் செயற்பாட்டாளர்கள் எனப் பலர் மாஸ்டடொனில் கணக்குத் திறந்தார்கள். பின்னர் 2022 ஒக்டோபர் இறுதியில் எலொன் மஸ்க் டுவிட்டரை வாங்கியபோது உலகளாவிய நகர்வு தொடங்கியது. சில லட்சங்களாக இருந்த மாஸ்டடொனின் மாதாந்தப் பயனர் தொகை சில வாரங்களில் 25 லட்சத்தை எட்டியது. பத்திரிகையாளர்களுக்கெனத் தனி வழங்கியே தோன்றியது.

ஆனால் இவர்களிற் பெருந்தொகையினர் திரும்பிச் சென்றுவிட்டனர். இந்திய வழக்கறிஞரோ அமெரிக்கப் பத்திரிகையாளரோ ஒரு கணக்குத் திறக்கத் தெரியாதவர்கள் அல்லர். அவர்களுடைய வாசகர்களும் கட்சிக்காரர்களும் செய்திமூலங்களும் பழைய இடத்திலேயே இருந்தனர். வாசலில் காலடி வைத்ததும் எந்த வழங்கி என்ற கேள்வி எதிர்கொண்டது. தெரிந்த முகத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதும் கடினமாக இருந்தது. 2023 ஜூலையில் மெட்டா நிறுவனம் த்ரெட்ஸ் தளத்தைத் தொடங்கியபோது ஐந்து நாட்களில் பத்துக் கோடிப் பேர் இணைந்தனர். இன்ஸ்டகிராம் கணக்கே அதற்குப் போதுமானதாக இருந்தது. 2024 ஓகஸ்ட் இறுதியில் பிரேசில் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் எக்ஸ் அங்கே தடைப்பட்டபோது, பல லட்சம் பிரேசில் மக்கள் புளூஸ்கை தளத்துக்கு நகர்ந்தனர். ஊரோடு போனதால் அவர்களுக்குப் பேச ஆளிருந்தது.

நமது நாட்டிலும் இதற்கொரு சான்று உண்டு. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கெதிரான வன்முறை வெடித்தபோது அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கியது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரலில் மக்கள் போராட்டத்தின் வேளையிலும் தடை வந்தது. அத்தருணங்களில் வீபிஎன் என்ற சொல் நாடெங்கும் பரவியது. அதன் விரிவாக்கத்தை அறியாதவர்களும் அதனைத் தரவிறக்கிப் பயன்படுத்தினார்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்கவேண்டும் என்ற தவிப்பு, எந்தக் கணினி வகுப்பும் கற்பிக்காததை ஒரே நாளில் கற்பித்தது. ஆகவே, சாதாரண மக்களுக்குத் தொழில்நுட்பம் ஏறாது என்ற வாதம் நிற்காது. தேவை இருந்தால் கற்பார்கள். தம்மவர்கள் இருந்தால் தங்குவார்கள்.

எனினும் அந்தக் குறைகூற்றில் ஒரு பாதி உண்மை இருக்கின்றது. கூடுபவர்கள் யாராகவும் இருக்கலாம். ஆளுபவர்கள் இயந்திரம் அறிந்தோராகவே இருக்கின்றனர். தலைமையகமே இல்லாத யூஸ்நெட்டில், 1987ஆம் ஆண்டு குழுக்களின் பெயர்கள் அனைத்தும் மாற்றியமைக்கப்பட்டன. பெரிய கணினிகளை நடத்திய சில நிர்வாகிகளே அதனை முன்னின்று நடத்தினர். செய்திகளை ஏற்றிச் செல்லும் செலவு அவர்களுடையதாக இருந்ததால் சொல்லும் அவர்களுடையதாயிற்று. மாஸ்டடொனில் 2023ஆம் ஆண்டு ஒரு பெரிய வழங்கியை நடத்திய தனிநபர், பயனர்களுக்கிடையிலான சச்சரவைத் தாங்கமுடியாமல் அதை மூடுவதாக அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் வேறிடம் தேடவேண்டியதாயிற்று. ஆப்கானிஸ்தானின் நாட்டுக் குறியீட்டைக் கொண்ட முகவரியில் இயங்கிய இன்னொரு வழங்கி, 2024 பெப்ரவரியில் தலிபான் நிர்வாகம் அம்முகவரியை முடக்கியதால் அதனை இழந்தது. புளூஸ்கையும் வடிவமைப்பிற் பரவலாக்கப்பட்டதே. ஆனால் அதன் பயனர்களுள் மிகப் பெரும்பாலானோரின் கணக்குகள் அந்நிறுவனம் நடத்தும் கணினிகளிலேயே உள்ளன. ஏட்டுக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளி மாகாண சபைக்கு மட்டும் உரியதன்று.

இது நமக்கு ஏன் முக்கியம்? ஒரு நிறுவனத்தின் கையில் நமது எழுத்தை ஒப்படைத்தால் என்னவாகும் என்பதையும் நாம் கண்டிருக்கின்றோம். யாகூ நிறுவனம் 2009 ஒக்டோபரில் ஜியோசிட்டீஸ் தளத்தை மூடியது. அதன் பெயரில் இயங்கிய யாகூ குழுமங்களின் பல்லாண்டுப் பதிவுகள் 2019 டிசெம்பரில் நீக்கப்பட்டன. உலகெங்கும் சிதறிய தமிழர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொண்ட காலத்தின் எழுத்துகளும் அவற்றோடு போயின. நூல்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பதன் ஆபத்தை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோதே அறிந்த சமூகம் நாம். பிரதிகள் பல இடங்களில் இருக்கவேண்டும், பல கைகள் அவற்றைக் காக்கவேண்டும் என்பதை எந்தக் கணினி வல்லுநரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதைச் செய்ய முடியும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இன்றும் சேகரித்து வருகின்றது. கணினி தெரிந்தவர்கள் மட்டும் சேர்ந்து அதனை வளர்த்துவிடவில்லை. பழைய சஞ்சிகையைப் பாதுகாத்துக் கொடுத்தவரும், பக்கம் பக்கமாக வருடியவரும், அட்டவணை தயாரித்தவரும் அதன் பங்காளிகளே.

கூட்டமைப்பாக இயங்குவதும் நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களைப் பாருங்கள். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் கிளைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி யாப்பு, தனி நிர்வாகம், தனிக் கணக்கு. ஆயினும் பாடசாலை ஒன்றே. மாஸ்டடொனின் அமைப்பை ஒருவருக்கு விளக்க இதைவிட நல்ல உவமை தேவையில்லை. அச்சங்கங்களில் கணக்குப் பார்ப்பவரை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். பரவலாக்கப்பட்ட பெரும்பாலான வழங்கிகளில் இன்னும் இல்லாதது இந்த ஏற்பாடுதான். நடத்துபவர் நல்லவராக இருந்தால் தப்பினோம். இல்லையேல் மூட்டை கட்டவேண்டியதுதான்.

ஆகவே, இத்தளங்கள் கணினி அறிந்தோரை மட்டுந்தானா கவர்கின்றன என்ற கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்பது நல்லது. இயந்திரத்தை அறிந்தவரிடம், அறியாத ஆயிரம் பேர் கணக்குக் கேட்க முடிகின்றதா? ஒரு நூலகமோ, பழைய மாணவர் சங்கமோ, ஊடகவியலாளர் அமைப்போ தனது பெயரில் ஒரு வழங்கியை நடத்தி, அதற்கொரு நிர்வாகக் குழுவையும் மாதச் சந்தாவையும் ஏற்படுத்தினால், உறுப்பினர்களில் நூற்றுக்கு இருவர் கணினி அறிந்திருந்தாலே போதும். எஞ்சிய தொண்ணூற்றெட்டுப் பேரும் எழுதுவதற்கும் வாசிப்பதற்கும், தேவைப்படும்போது அந்த இருவரையும் மாற்றுவதற்கும் உரிமை பெற்றிருப்பார்கள்.