பாத்திரத்தின் வாய்

வீட்டில் பீர் காய்ச்சப் புகுகிறவன் முதலில் தானியத்தைப் பற்றிக் கேட்பதில்லை. ஈஸ்டைப் பற்றியும் கேட்பதில்லை. எதில் ஊற்றி வைப்பது என்றுதான் கேட்கிறான். கண்ணாடிக் குடுவையா, பிளாஸ்டிக் வாளியா? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்தக் கேள்வி ஓயவில்லை. கண்ணாடியில் கீறல் விழாது, காற்று ஊடுருவாது என்பது ஒரு கட்சி. வாளி மலிவு, கைதவறினால் உடையாது, உள்ளே கைவிட்டுத் தேய்க்கலாம் என்பது மறு கட்சி. கடைக்காரனுக்கு இரண்டுமே சரக்கு. என் கட்சி எது என்பதைப் பின்னால் சொல்கிறேன். பாத்திரம் எதனால் ஆனது என்று சண்டை போடுகிற இவர்கள் அதன் வாய் எவ்வளவு அகலம் என்பதைக் கவனிப்பதே இல்லை. இந்தச் சர்ச்சையின் சரித்திரமெல்லாம் அந்த வாயில்தான் இருக்கிறது.

காரியம் என்னவோ எளிமையானது. முளைவிட வைத்துக் காயவைத்த பார்லியை வெந்நீரில் ஊறப்போட்டு இனிப்புச் சாறு இறக்குகிறார்கள். ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்து வைக்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் விட்டுவைக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் நுரை பொங்கும். ஆகவே பாத்திரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும். இட்லிக்கு மாவு கரைத்து வைக்கிற எந்த வீட்டிலும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொங்குகிற நாட்களில் உள்ளிருந்து வாயு ஓயாமல் வெளியேறிக்கொண்டிருப்பதால் வெளிக்காற்று நுழைவதற்கு இடம் குறைவு; மேலே ஒரு தட்டைப் போட்டு மூடினாலும் போதும். நுரை தணிந்த பிறகுதான் ஆபத்து. அப்போது உள்ளே போகிற காற்று ருசியைக் கெடுக்கிறது; அதோடு வருகிற பாக்டீரியா பீரைக் காடியாக்குகிறது. ஆக, பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலமாக இருக்கலாம் என்பது பீரை எத்தனை நாள் வைத்துக் குடிக்கப்போகிறோம் என்பதைப் பொறுத்தது.

மத்தியகால இங்கிலாந்தில் அது நாட்கணக்குதான். அன்றைய ஏலில் ஹாப்ஸ் கிடையாது. சில நாளில் புளித்துவிடும். ஆகவே கொஞ்சமாகக் காய்ச்சி, அடிக்கடி காய்ச்சினார்கள். காய்ச்சியவர்கள் பெரும்பாலும் பெண்கள். காய்ச்சுகிறவளைக் குறிக்கும் ப்ரூஸ்டர் என்ற பெண்பாற் சொல் அந்தக் காலத்துச் சாட்சி. ஜூடித் பென்னட் 1996இல் வெளியிட்ட நூல் 1300க்கும் 1600க்கும் இடையில் அந்தப் பெண்கள் இந்தத் தொழிலை எப்படி இழந்தார்கள் என்பதைப் பதிவேடுகளைக் கொண்டு விவரிக்கிறது. அவர்களுக்கு நொதிக்க வைப்பதற்கென்று தனிச் சாதனம் தேவைப்படவில்லை. சமைக்கிற அண்டா, தண்ணீர் பிடிக்கிற மரத்தொட்டி, மூடுவதற்கு ஒரு துணி. கைபோகும் வாய் கொண்ட பாத்திரம் எதுவானாலும் சரி.

இதே காட்சி நமக்குப் பெரும்பாணாற்றுப்படையில் கிடைக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பில் மது ஆக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் ஆற்றி, நெல்முளை என்று உரை சொல்லும் அடையைக் கலந்து, உறுதியான வாயுள்ள சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். ஆற்றுவதற்கு ஒரு பாத்திரம், விளைவதற்கு ஒரு பாத்திரம். வெப்பம் சீக்கிரம் போக வேண்டிய இடத்தில் அகன்ற வாய், பொங்குவதைத் தாங்க வேண்டிய இடத்தில் வலுவான வாய். பாட்டுக்குப் பொருள் சொல்கிறவர்கள் இந்த இடத்தில் உவமையைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இரண்டு பாத்திரங்களையும் புலவர் பிரித்துச் சொன்னதைப் பாராட்டியவர் யாரையும் நான் படித்ததில்லை.

இங்கிலாந்துக்குப் பதினைந்தாம் நூற்றாண்டில் கடல் கடந்து ஹாப்ஸ் பீர் வந்து பரவியது. ஹாப்ஸ் கெடாமல் காக்கிறது. நாட்கணக்கு மாதக்கணக்காயிற்று. மாதக்கணக்கில் வைத்து விற்கலாம், தூரத்துக்கு அனுப்பலாம் என்றால் பெரிய பாத்திரம் லாபம். பெரிய பாத்திரத்துக்கு முதல் வேண்டும். முதலும் கடனும் ஆண்களுக்குக் கிடைத்தன. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் போர்ட்டர் பீரை முதிரவைக்கிற தொட்டிகள் வீட்டைவிடப் பெரிதாகிவிட்டன. யாருடைய தொட்டி பெரிது என்று கம்பெனிகளுக்குள் போட்டி. 1814 அக்டோபர் 17 அன்று டாட்டன்ஹாம் கோர்ட் சாலை அருகே மியூ கம்பெனியின் ஹார்ஸ் ஷூ ஆலையில் 22 அடி உயரத் தொட்டி ஒன்றின் இரும்புப் பட்டை கழன்றது. சிறிது நேரத்தில் தொட்டி வெடித்து, பக்கத்துத் தொட்டிகளையும் உடைத்து, செயின்ட் கைல்ஸ் குடிசைப் பகுதியில் பீர் வெள்ளமாகப் பாய்ந்தது. எட்டுப் பேர் செத்தார்கள். பெண்களும் குழந்தைகளும். நிலவறை ஒன்றில் இறந்துபோன இரண்டு வயதுக் குழந்தைக்குத் துக்கம் காத்திருந்த ஐரிஷ்காரர்களும் அதில் சேர்த்தி. விசாரணையில் விபத்து என்று தீர்ப்பாயிற்று. கொட்டிப்போன பீருக்குக் கட்டியிருந்த வரியைக் கம்பெனி அரசாங்கத்திடமிருந்து திரும்பப் பெற்றது.

வாய் குறுகிய கதை பிரான்ஸில் தொடங்குகிறது. 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் லூயி பாஸ்டர் அன்னத்தின் கழுத்தைப்போல் வளைந்த குழாயுள்ள குடுவைகளில் சாற்றைக் கொதிக்கவைத்து வைத்தார். காற்று உள்ளே போயிற்று, தூசி வளைவில் தங்கிற்று, சாறு கெடவில்லை. உயிர் தானாகத் தோன்றுவதில்லை என்று காட்டுவதற்காக நடந்த சோதனை அது. ஆனால் அதன் வடிவம் தங்கிவிட்டது. 1870-71 யுத்தத்தில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றது. பாஸ்டர் தேசாபிமானக் கோபத்தோடு பீரை ஆராயப் புகுந்தார். ஜெர்மன் பீரைவிட நல்ல பீர் பிரான்ஸில் ஆக வேண்டும் என்பது ஆசை. அவருக்குப் பீர் பிடிக்காது என்பார்கள். 1871இல் லண்டனில் விட்பிரெட் ஆலைக்குப் போய் ஈஸ்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இதில் கேடு இருக்கிறது என்றார். ஒரு வாரத்துக்குள் மறுபடி போனபோது ஆலைக்காரர்கள் சொந்தமாக ஒரு மைக்ராஸ்கோப் வாங்கி வைத்திருந்தார்கள். பீர் பற்றிய அவருடைய நூல் 1876இல் வந்தது. கொதித்த சாறு வெளிக்காற்றைத் தொடாமலே ஆறி, மூடிய கலத்தில், தூய்மைப்படுத்திய காற்றோடு மட்டும் நொதிக்க வேண்டும் என்பது அதன் செய்முறைப் பகுதி. 1883இல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் பரிசோதனைச் சாலையில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு செல்லிலிருந்து ஈஸ்டை வளர்த்துக் காட்டினார். பாத்திரத்துக்குள் இருப்பது யார் என்பதும் அதோடு தீர்மானிக்கப்பட்டது.

இதைப் பழமைக்கு நேர்ந்த துரோகமாகப் பாட விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த பஜனையில் சேர எனக்கு இஷ்டமில்லை. மத்தியகால ஏல் பல நாள் புளித்துத்தான் இருந்தது. குடித்தவர்கள் வேறு வழியின்றிக் குடித்தார்கள். பாஸ்டர் சொன்னது உண்மை. ஆனால் அந்த உண்மை வந்த பிறகு சுத்தம் என்ற அறிவே அவருக்கு முன் இல்லை என்கிற எண்ணமும் சேர்ந்து வந்துவிட்டது. மேற்கு நார்வேயில் வோஸ், ஹார்டாங்கர் பகுதிப் பண்ணை வீடுகளைப் பார்க்கலாம். அங்கே ஜூனிப்பர் கிளை போட்டுக் கொதித்த நீரால் மரத்தொட்டியைக் கழுவினார்கள். க்வைக் என்ற வீட்டு ஈஸ்டை மரத்தாலான வளையத்தில் தோய்த்து, காயவைத்து, அடுத்த காய்ச்சல்வரை தொங்கவிட்டார்கள். கெட்டுப்போனால் பக்கத்து வீட்டில் வாங்கினார்கள். இந்த ஈஸ்ட் 30 முதல் 40 டிகிரி வெப்பத்தில் ஓரிரு நாளில் வேலையை முடித்துவிடும். முடிந்ததும் பீரை வடித்துப் பீப்பாயில் அடைத்தார்கள். வேகமே அவர்களுக்கு மூடியாக இருந்தது. லார்ஸ் மாரியுஸ் கார்ஷோல் 2020இல் வெளியிட்ட நூல் இந்த முறைகளைத் தொகுத்திருக்கிறது. இன்று க்வைக்கைப் பரிசோதனைச் சாலைகள் பாக்கெட்டில் அடைத்து விற்கின்றன.

வீட்டுக்காரன் கையில் பாத்திரம் திரும்ப வந்தது சட்டத்தால். 1880இல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை ஒழித்துப் பீருக்கே வரி வைத்தார். வீட்டில் காய்ச்சுவதும் லைசென்ஸ் வளையத்துக்குள் வந்தது. வரி அதிகாரிகள் நெடுங்காலமாகவே அளவுகோலோடு திரிந்தவர்கள்; ஆலையின் ஒவ்வொரு தொட்டிக்கும் கணக்கு உண்டு. பேரேடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது எளிதில் புரியும்: அளந்து எழுதாத பாத்திரம் அரசாங்கத்துக்குக் கள்ளப் பாத்திரம். 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அந்த லைசென்ஸை எடுத்தார். விற்காதவரை எவ்வளவும் காய்ச்சலாம். அதே ஆண்டு சி. ஜே. ஜே. பெர்ரியின் வீட்டுப் பீர்க் கையேடு வந்தது. நல்ல வேளையாக அது பிளாஸ்டிக் மலிந்த காலம். குப்பைக்காக விற்ற மூடிபோட்ட பிளாஸ்டிக் தொட்டியில்கூட ஆங்கிலேயர்கள் பீர் வைத்தார்கள். உணவுக்கு ஆகாத சாயம் இறங்கும் என்று எச்சரிக்கை செய்ய வேண்டிவந்தது. 1974இல் நூல் எழுதிய டேவ் லைன் பிளாஸ்டிக் வாளியில் மின்சாரக் கெட்டிலின் கம்பியைப் பொருத்திக் கொதிக்கவே வைத்தார். இங்கே வாளி வென்றதற்குக் காரணம் தத்துவம் ஒன்றுமில்லை. இருந்தது அது, எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் பாதை வேறு. 1920இல் மதுவிலக்கு வந்ததும் பீர்க் கம்பெனிகள் ரொட்டிக்கு என்று சொல்லி மால்ட் பாகு விற்றன. வாங்கியவர்கள் பீங்கான் ஜாடியில் கரைத்து, துணியால் மூடி, அடுப்படியில் வைத்தார்கள். 1933இல் விலக்கு நீங்கியபோது வீட்டு ஒயினுக்கு அனுமதி கிடைத்தது, வீட்டுப் பீருக்குக் கிடைக்கவில்லை. இந்த விடுபாடு 45 ஆண்டு நீடித்தது. அதற்குள் வீட்டில் ஒயின் செய்கிறவர்களிடம் கார்பாய் என்ற குறுகிய கழுத்துக் கண்ணாடிக் குடுவை நிலைபெற்றுவிட்டது. பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது. பாத்திரம் ஆலைகளிலிருந்து வந்தது. ஐந்து காலன் குடுவை குடிதண்ணீர் விற்றது, ஆறரை காலன் குடுவை அமிலம் ஏற்றி அனுப்பியது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் அமலுக்கு வந்து, தனி ஆளுக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு 200 காலன் என்று அனுமதித்தபோது, பீர்க்காரர்கள் ஒயின்காரர்களின் குடுவையைச் சுவீகரித்துக்கொண்டார்கள். அலபாமாவும் மிசிசிப்பியும் அனுமதிப்பதற்கு 2013 ஆயிற்று.

ஒயினுக்குக் கார்பாய் பொருத்தம். அது மாதக்கணக்கில் தூங்க வேண்டியது. பீருக்கு அது அப்படி ஒன்றும் தோதானதல்ல. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றம் வரும். நுரை கழுத்தில் அடைத்துக்கொள்ளும். நிறைந்த குடுவை 20 கிலோவுக்கு மேல் எடை. ஈரக்கையில் நழுவி உடைந்து நரம்பறுந்தவர்கள் உண்டு. உள்சுவரில் காய்ந்த நுரையைக் கம்பித் தூரிகையால் குருட்டாம்போக்கில் தேய்க்க வேண்டும். இத்தனையும் தெரிந்தே அதை விரும்புகிறார்கள். ஏன்? உள்ளே நடப்பது தெரிகிறது. ரப்பர் அடைப்பில் செருகிய ஏர்லாக்கின் நீர்வழியே குமிழி ஒன்று ஒன்றாக வெளியேறுகிறது. பாஸ்டரின் வளைந்த கழுத்து பொம்மையளவாகி அடுப்பு மேடையில் உட்கார்ந்திருக்கிறது. கை விலகி நிற்கிறது, கண் பார்த்துக்கொண்டிருக்கிறது. புதியவன் வாங்குவது அந்தப் பார்வையைத்தான் என்று எனக்குப் படுகிறது. தன் கை அசுத்தம் என்ற பயம் அவனுக்குப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே ஊட்டப்படுகிறது. பயத்துக்கு மருந்து அடுத்த பக்கத்து விலைப்பட்டியலில் இருக்கிறது. ஒரு வாரத்துக்குப் பின் பீரை இரண்டாவது கண்ணாடிக் குடுவைக்கு மாற்றாவிட்டால் செத்த ஈஸ்ட் அதைக் கெடுக்கும் என்று பல ஆண்டுகள் கையேடுகள் சொல்லிவந்தன. ஆலையின் பல ஆள் உயரத் தொட்டியில், அடியில் படிந்த ஈஸ்ட் மேலிருக்கும் பாரத்தில் நசுங்கும்போது எழுகிற பிரச்சினை அது. வீட்டு அளவில் சில வாரங்களுக்கு அது பொருட்டில்லை என்று இன்று பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். மாற்றும்போது புகுகிற காற்றுதான் அதிகக் கேடு. ஆனால் அதற்குள் எத்தனை இரண்டாவது குடுவைகள் விற்றுப்போயின!

கடைகளில் இன்று துருப்பிடிக்காத எஃகில் அடிக்கூம்பு வைத்த கலங்களும் இருக்கின்றன. ஆலையின் சின்னப் பிரதி. பணமுள்ளவன் வாங்கலாம், முதல் பீர் அதனால் மேலாகிவிடாது.

என் கட்சி வாளி. அதன் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. அந்த பிளாஸ்டிக் மிக மெதுவாகக் காற்றை உள்ளே விடும்; ஆகவே மாதக்கணக்கில் முதிரவைக்கிற பீருக்கு ஆகாது. சொரசொரப்பான நாரால் தேய்த்தால் கீறல் விழும், கீறலில் பாக்டீரியா குடியேறும். மெல்லிய துணி போதும். கீறல் விழுந்ததைத் தூக்கி எறிய வேண்டும். 23 லிட்டர் காய்ச்சுகிறவனுக்கு 30 லிட்டர் வாளி, இறுக மூடும் மூடி, மூடியில் ஏர்லாக்குக்கு ஒரு துளை, ஒட்டும் வெப்பமானி ஒன்று. மூடி சரியாகப் பொருந்தாமல் பக்கவாட்டில் வாயு கசிந்தால் ஏர்லாக்கில் குமிழி வராது. பீர் செத்துவிட்டதென்று பதற்றத்தில் கொட்டியவர்கள் அநேகர். மூடியைத் திறந்து நுரையையும், சர்க்கரைமானியையும் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். திறக்கலாம் என்பதையே மறந்துபோனவர்கள் அவர்கள்.

இதே அளவு வெள்ளை வாளிகள் நம் ஊரில் பெயின்ட் அடைத்து வருகின்றன. காலியானதும் தண்ணீர் பிடிக்கப் போகின்றன. உணவுத் தரத்தில் வேறு வாங்கிக்கொள்ளலாம். மாவு, மோர், ஊறுகாய் எதையும் அதில் புளிக்கவைக்கலாம். பார்லிச் சாற்றைப் புளிக்கவைத்தால் மட்டும் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் குறுக்கே வரும்.