புதர்க்காடு என்று எழுதப்பட்ட மேய்ச்சல் நிலம்

காவல்பைரசந்திரா, ஜாரகபண்டே காவல் என்று பெங்களூரில் இன்றும் சில பெயர்கள் புழங்குகின்றன. மைசூர் நாட்டில் ‘காவல்’ என்றால் மாடு மேய ஒதுக்கிய நிலம். சிக்க தேவராஜ உடையார் (1673–1704) அரண்மனைப் பாலுக்கும் வெண்ணெய்க்குமாக மந்தை வளர்த்தார். ஹைதர் அலி அந்த மாடுகளைப் படைக்குத் திருப்பினார். அவர் மகன் திப்பு சுல்தான் அந்த மந்தைக்கு ‘அமிர்த மஹால்’ என்று பெயரிட்டார். பீரங்கி இழுத்தவை இந்தக் காளைகளே.

இதில் நுட்பமான ஏற்பாடு ஒன்று இருந்தது. கோடைக்கு ஒரு காவல், மழைக்காலத்துக்கு ஒன்று, பனிக்காலத்துக்கு வேறொன்று. புல்லும் நீரும் இருக்கும் இடம் தேடி மந்தை நகரும். விட்டுவந்த நிலம் அதற்குள் தேறிவிடும்.

1799-இல் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. மந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கைக்குப் போனது; கூடவே வரைபடக்காரர்களும் வந்தார்கள். காலின் மெக்கன்சி மைசூர் நாட்டை அளக்கத் தொடங்கினார். 1800-இல் வில்லியம் லாம்ப்டன் பெங்களூருக்கு அருகே ஏழு மைலுக்கு மேல் நீண்ட அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். பின்னாளில் சர்வே ஆஃப் இந்தியா, மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் தாள்களை அச்சிட்டது. அவற்றில் வற்றாத நீருக்கு நீலம். மழைக்கு ஓடிக் காயும் ஓடைக்குக் கறுப்புக் கோடு. பெரிய ஆறில்லாத மேட்டு நகரமான பெங்களூரின் ஏரிகளை நிரப்பியவை பெரும்பாலும் அந்தக் கறுப்புக் கோடுகள்தான்.

ஓடை சில மாதம்தான் ஓடும் என்பதற்குத் தாளில் குறி உண்டு. மந்தை சில மாதம்தான் தங்கும் என்பதற்கு இல்லை. காவல் வெறும் புதர்க்காடாகத் தெரிந்தது. மேசையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது காலிமனை! வரைபடத்தை வரைந்தவர்களைவிட அதைப் படித்தவர்கள் மீதே குற்றம் அதிகம்.

1860-இல் செலவைக் காரணம் காட்டி மந்தையையே கலைத்தார்கள். நல்ல இழுவை மாடு கிடைக்காமல் திண்டாடி, 1866-இல் மீண்டும் சேர்க்க வேண்டியதாயிற்று.

காலிமனை என்ற பார்வை மட்டும் மாறவில்லை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சித்ரதுர்கா மாவட்டம் சல்லகெரேயின் காவல்கள் பிரிக்கப்பட்டன. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வுக்கு 4,290 ஏக்கர், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்துக்கு 1,500 ஏக்கர். அணு ஆராய்ச்சிக்கும் விண்வெளித் துறைக்கும் தனித்தனிப் பங்கு. ஆடுமாடு வைத்திருந்த ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள்; வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

பெங்களூரின் வடமேற்கில் ஹெசரகட்டா புல்வெளிக்கும் கிட்டத்தட்ட இதே கதி நேரவிருந்தது. அதைப் பாதுகாப்பகமாக்கும் யோசனையை 2021-இல் மாநில வனவிலங்கு வாரியம் தள்ளிவிட்டது. 2024-இல் கர்நாடக அமைச்சரவை சுமார் 5,678 ஏக்கருக்கு ஒப்புதல் தந்தது. சல்லகெரேயில் சுவர் எழுந்த பிறகு வந்த புத்தி. தாமதமானாலும் சரியான முடிவு.