மின்மினிக்கு வளவில் ஓர் இருட்டு மூலை

கிணற்றடியிலும் வேலியோரத்திலும் முன்பு கண்ட மின்மினிகளை இப்போது காணவில்லை என்று பலரும் சொல்வதுண்டு. எங்கிருந்தோ பிடித்துவந்து விட்டால் அவை நிலைக்காது. அவை வாழக்கூடிய இடம் வளவில் இருக்கவேண்டும்.

மின்மினி வண்டினத்தைச் சேர்ந்தது. உலகில் 2,000க்கும் மேற்பட்ட மின்மினி இனங்கள் உள்ளன. நாம் காணும் பறக்கும் பருவம் அதன் வாழ்நாளின் கடைசிச் சில வாரங்கள்தான். அதற்கு முன் பல மாதங்கள், சில இனங்களில் ஓராண்டுக்கும் மேலாக, அது புழுவாக ஈரமண்ணிலும் சருகுக்கடியிலும் வாழ்கிறது. நத்தை, மண்புழு போன்றவை அதன் உணவு. இலங்கையிலுள்ள லம்ப்ரிஜெரா டெனெப்ரோசா என்ற பெரிய மின்மினியின் புழு, தோட்டங்களை அழிக்கும் ஆபிரிக்க நத்தையையே தின்னும். இதன் பெண்ணுக்குச் சிறகில்லை. ஓரிடத்தில் அழிந்தால், தொலைவிலிருந்து பறந்துவந்து முட்டையிட அதனால் முடியாது.

சருகை எரிக்காதீர்கள்

முற்றத்தைக் கூட்டுவது நம் வழக்கம். அதை விடவேண்டியதில்லை. கூட்டிய சருகைக் கொளுத்தாமல், வீட்டிலிருந்து தள்ளி வேலியோர மரத்தடியில் பரப்பிவிடலாம். உக்கிய மரக்குற்றி ஒன்றும் அங்கே கிடக்கட்டும். கோடையில் அந்த மண் முற்றாகக் காயாதபடி இடைக்கிடை தண்ணீர் தெளிக்கவேண்டும். பாம்புக்குப் பயந்தால் குவியலாக வைக்காமல் மெல்லிய படையாகப் பரப்புங்கள்.

டெங்குக்கும் இதற்கும் முரண்பாடில்லை. நுளம்பு பெருகுவது சிரட்டை, ரயர், வாளி போன்றவற்றில் தேங்கும் நீரில். அவற்றை அகற்றிவிடுங்கள், ஈரச்சருகு இருக்கலாம்.

மருந்தைத் தவிருங்கள்

பூச்சிநாசினி மண்ணிலுள்ள புழுவையும் கொல்லும். நத்தைக்கு வைக்கும் நஞ்சு அதன் உணவையே இல்லாமலாக்கும். நத்தை அதிகமென்றால் மாலையில் கையுறை அணிந்து பொறுக்கலாம்.

வெளிச்சத்தைக் குறையுங்கள்

மின்மினியின் ஒளி இணையைத் தேடும் சைகை. உடலிலுள்ள லூசிஃபெரின் என்ற பொருள் லூசிஃபெரேஸ் நொதியின் உதவியுடன் ஒட்சிசனோடு சேரும்போது அந்த ஒளி பிறக்கிறது. வெப்பம் மிகச் சொற்பம். மதில்மேல் இரவு முழுக்க எரியும் எல்.ஈ.டி. விளக்கின்முன் அது தெரியாது. சைகை தெரியாவிட்டால் இணை சேராது, அடுத்த தலைமுறையும் இல்லை.

மின்குமிழின் நிறத்தை மாற்றுவது மட்டும் போதாது. தேவையில்லாதபோது அணைப்பதே சிறந்தது. பாதுகாப்புக்கு விளக்கு வேண்டுமெனில், ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் வகையைப் பொருத்தி, ஒளி நிலத்தை மட்டும் நோக்கும்படி மூடியிடலாம்.

ஒரு மழைக்காலத்திலேயே பலன் தெரியாமல் போகலாம். புழு வளர்ந்து வண்டாகக் காலம் எடுக்கும். அயல்வீட்டாரும் தங்கள் வேலியோரத்தை இப்படியே விட்டால், அருகில் எஞ்சியிருப்பவை பரவ வழி கிடைக்கும்.