பைக்கில் இருக்கும் வேகத்தடை: எண்ணை முடிவு செய்தது யார், கழற்றினால் என்ன ஆகும்?

2021 பிப்ரவரி 13, சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள். அதிகாலையில் தஞ்சோங் பகார் சாலையில் பிஎம்டபிள்யூ கார் ஒன்று கடைவீட்டில் மோதித் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 5 இளைஞர்களும் மாண்டனர். அந்தச் சாலையில் அப்போது வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். ஜெர்மன் நிறுவனங்கள் தங்கள் வேகமான கார்களுக்கு வழக்கமாக வைக்கும் மின்னணுத் தடையோ 250இல்தான் குறுக்கே வரும். நடுவில் உள்ள 200 கிலோமீட்டருக்கு ஓட்டுநரின் காலைத் தவிர வேறு தடை கிடையாது.

இங்கு இறக்குமதியாகும் பெரிய மோட்டார்சைக்கிள்களிலும் இதே கதைதான். அவற்றில் வேகத்தடை இருக்கிறது. ஆனால் அது நம் சாலைகளை மனத்தில் வைத்துச் செய்ததல்ல.

எப்படி வேலை செய்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இன்ஜின் அளவுக்கு மீறிச் சுழன்று பழுதாகாமல் தடுப்பது ஒன்று. அது எந்த கியரிலும் வேலை செய்யும். வண்டியின் வேகத்தையே நிறுத்திப் பிடிப்பது இன்னொன்று. நாம் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

சக்கரத்திலோ கியர்பாக்ஸிலோ உள்ள உணர்கருவி, சுழற்சியை எண்ணி இன்ஜினின் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். குறித்த வேகம் வந்ததும் கணினி பெட்ரோலையோ தீப்பொறியையோ விட்டுவிட்டு நிறுத்தும். புதிய பைக்குகளில் கை முறுக்கியபடியே இருந்தாலும், காற்று போகும் வழியைக் கணினி தானாகக் குறைத்துவிடும். ஓட்டுபவருக்குப் பெட்ரோல் தீர்ந்துபோன மாதிரி ஒரு திணறல் தெரியும், அவ்வளவுதான்.

180உம் 299உம் எங்கிருந்து வந்தன?

ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பைக்குகளில் வழக்கமான எண் 180. சிங்கப்பூரில் 2ஏ உரிமம் எடுத்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர் அந்த வகை வண்டிதான்.

299இன் கதை இன்னும் சுவாரசியம். 1999இல் சுஸுகி ‘ஹயபுசா’வை வெளியிட்டது. வேகம் சுமார் 312 கிலோமீட்டர். அடுத்து கவாசாகி அதை முந்தப் பார்த்தது. போட்டி இப்படியே போனால் ஐரோப்பிய அரசாங்கங்கள் இந்த வண்டிகளுக்குத் தடை போட்டுவிடும் என்ற பயம் வந்தது. எந்தச் சட்டமும் வருவதற்கு முன்பே தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் பேசி 300இல் கோடு கிழித்துக்கொண்டனர். ஆக, அந்த எண் பாதுகாப்புக் கணக்கில் பிறந்தது அல்ல; வியாபாரம் கெடாமல் இருக்கச் செய்துகொண்ட சமரசம்.

எப்படி ஏமாற்றுகிறார்கள்?

எல்லா வழிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: கணினியிடம் பொய் சொல்வது, அல்லது கணினியையே மாற்றி எழுதுவது. சிலர் வேகத்தைக் குறைத்துக் காட்டும் சிறு பெட்டியை இடையில் பொருத்துகிறார்கள். தடை கடைசி கியரில் மட்டும் செயல்படும் பைக்குகளில், வண்டி அதற்கு முந்தைய கியரில் இருப்பதாகக் கணினியை நம்ப வைக்கிறார்கள். இப்போது பரவலாக நடப்பது மென்பொருளையே மாற்றுவது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

தெரியாததுதான் பிரச்சினை. அதே கணினிதான் இன்ஜினின் சூடு, புகை, சில பைக்குகளில் சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றையும் கவனிக்கிறது. பொய்யான தகவல் போனால் எது எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. டயரையும் மறக்கக்கூடாது. அதன் பக்கவாட்டில் ஓர் எழுத்து இருக்கும்: ‘எச்’ என்றால் 210 வரை, ‘வி’ என்றால் 240 வரை. மென்பொருளை மாற்றினால் டயர் மாறாது.

சிங்கப்பூரில் என்ன பயன்?

நேராகவே கேட்கலாமே. இங்கே விரைவுச்சாலையில் அதிகபட்ச வரம்பு 90. தடையைக் கழற்றாத சிபி400கூட அதைப்போல் இரண்டு மடங்கு ஓடும். 180இல் போகும் வண்டியின் மோதல் ஆற்றல் 90இல் போவதைவிட இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரமும் ஏறத்தாழ அப்படியே. கழற்றுவதால் கிடைப்பது பெரும்பாலும் காப்பிக் கடையில் சொல்லிக்கொள்ள ஒரு கதைதான்.

சட்டவிரோதமாக வாகனத்தை மாற்றியமைத்தால், முதல்முறையே 5,000 வெள்ளி வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். காப்புறுதி நிறுவனமும் இழப்பீடு தர மறுக்கலாம்.

2024இல் சிங்கப்பூர்ச் சாலைகளில் 142 பேர் மாண்டனர். பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளோட்டிகளும் பின்னால் அமர்ந்து சென்றவர்களும். அவர்கள் எல்லாரும் வேகமாகப் போனவர்கள் அல்லர். வேறொருவர் வேகத்துக்குப் பலியானவர்களும் உண்டு.

சாலைக்கு ஏற்ற தடை வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. மின்சைக்கிளின் மோட்டார் 25 கிலோமீட்டரில் உதவுவதை நிறுத்த வேண்டும். லாரிகளுக்கு 60. 12,000 கிலோகிராமுக்கு மேற்பட்ட கனரக வாகனங்களில் வேகத்தடை ஏற்கெனவே கட்டாயம். 3,501 முதல் 12,000 கிலோகிராம் வரையிலான லாரிகளுக்கு 2026 தொடங்கிப் படிப்படியாகக் கட்டாயமாகிறது. நம் ஊர் ஊழியர்கள் பலர் வேலைக்குப் போவதும் வருவதும் அந்த லாரிகளின் பின்பக்கத்தில் உட்கார்ந்துதான்.