பாக்கெட், கோப்பு, நிரல்: நெட்வொர்க் பூட் மெனு வளர்ந்த வழி

கணினிக்கூடம் ஒன்றில் நாற்பது கணினிகளுக்கு ஒரே நாளில் இயக்குதளம் ஏற்ற வேண்டுமென்றால் இன்று யாரும் நாற்பது முறை பென்டிரைவைச் செருகி எடுப்பதில்லை. கணினியை நெட்வொர்க் வழியாகத் தொடங்கவைத்து, சர்வரில் தயாராக இருக்கும் இமேஜை வன்தட்டில் இறக்குகிறார்கள். இந்த வேலையின் நடுவே சில விநாடிகள் ஒரு மெனு திரையில் நிற்கும். வன்தட்டிலிருந்து தொடங்கு, இமேஜை இறக்கு, நினைவகத்தைச் சோதி என்று ஐந்தாறு வரிகள். அதை அவரவர் தேவைக்கேற்ப மாற்றியமைக்கச் சொல்லித்தரும் கையேடுகள் பெரும்பாலும் பின்னணிப் படம், நிறம், தலைப்பு என்று அலங்காரத்தோடு நின்றுவிடுகின்றன. மெனுவின் வாசகம் எங்கே குடியிருக்கிறது என்பதைக் கவனித்தால்தான் இதன் வரலாறு பிடிபடும் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த வாசகம் முதலில் நெட்வொர்க் பாக்கெட்டுக்குள் இருந்தது. பிறகு கோப்புக்கு வந்தது. அங்கிருந்து நிரலுக்குப் போனது. பழைய இடம் போதாமல் போனபோதெல்லாம் அது இடம் மாறியது. இடம் மாறியபோதெல்லாம், எதைத் தொடங்குவது என்று முடிவு செய்யும் உரிமையும் கைமாறியது.

மெனு வருவதற்கு முன்

வன்தட்டு விலையுயர்ந்த பொருளாக இருந்த 1980களில், வன்தட்டே இல்லாத பணிநிலையங்கள் பல்கலைக்கழகங்களில் புழக்கத்துக்கு வந்தன. அவற்றுக்கு முதலில் ஒரு முகவரி வேண்டும், பிறகு இயங்குவதற்கு ஒரு நிரல் வேண்டும். 1984 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 903 என்ற இணைய வரையறை ஆவணம் முகவரிக்கு வழி சொன்னது. அதே மாதம் வந்த ஆர்எஃப்சி 906, நிரலை டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறையில் இறக்கிக்கொள்ளலாம் என்றது. இவ்விரண்டையும் இணைத்தது 1985 செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டின் பில் கிராஃப்டும் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜான் கில்மோரும் எழுதிய ஆர்எஃப்சி 951. பூட்பி என்று அழைக்கப்படும் நெறிமுறை இதுதான்.

பூட்பி பாக்கெட்டில் கோப்பின் பெயருக்கென்று 128 பைட் ஒதுக்கப்பட்டிருந்தது. பதிலில் சர்வர் அங்கே முழுப் பாதையை எழுதி அனுப்பும். கேட்கும் கணினியும் அதே இடத்தில் ‘யூனிக்ஸ்’ என்பது போன்ற பொதுப்பெயர் ஒன்றை எழுதி அனுப்பலாம்; அந்தப் பெயருக்கு உரிய கோப்பு எதுவென்று சர்வர் தன் பட்டியலைப் பார்த்துத் தீர்மானிக்கும். திரையில் மெனு எதுவும் இல்லைதான். ஆனால் விருப்பத்தைச் சொல்வது கணினி, அதற்குப் பொருள் கொடுப்பது சர்வர் என்ற பங்கீடு அப்போதே வந்துவிட்டது.

தனிக்கணினி உலகம் வேறு வழியில் போனது. நோவெல் நெட்வேர் காலத்தில் நெட்வொர்க் கார்டின் சாக்கெட்டில் பூட் ரோம் சில்லு ஒன்றைப் பொருத்துவார்கள். டாஸ்ஜென் என்ற நிரல் பூட் பிளாப்பியை அப்படியே ஒரு கோப்பாக்கி சர்வரில் வைக்கும். பூட்கான்ஃப் என்ற இன்னொரு கோப்பில், எந்தக் கார்டு எண்ணுக்கு எந்தப் பிளாப்பி இமேஜ் என்று வரிக்கு வரி எழுதியிருக்கும். இயந்திரத்தின் அடையாளமே முடிவு செய்தது. விசைப்பலகை முன் இருப்பவரை யாரும் கேட்கவில்லை.

255 பைட்டுக்குள் ஒரு மெனு

ஒவ்வொரு கார்டு நிறுவனமும் தனக்கென்று ஒரு ரோம் எழுதிக்கொண்டிருந்த நிலைக்கு முடிவுகட்டியது, நெட்வொர்க் வழியாகத் தொடங்குவதற்கான இன்டெல்லின் பிஎக்ஸ்இ வரையறை. அதன் 2.1 பதிப்பு 1999 செப்டம்பர் 20 தேதியிட்டது. இன்றுவரை பயன்பாட்டில் இருப்பது அடிப்படையில் அதுவே. மெனு என்ற சொல்லும் அமைப்பும் இந்த ஆவணத்தில் முறையாக இடம்பெற்றிருக்கின்றன. அது விரிவாகப் பார்க்கத் தக்கது.

பிஎக்ஸ்இ தனக்குப் புது நெறிமுறை எதையும் உருவாக்கிக்கொள்ளவில்லை. கணினிக்கு முகவரி தரும் டிஎச்சிபி உரையாடலுக்குள்ளேயே தன் செய்தியையும் செருகியது. நிறுவனங்களின் சொந்தப் பயன்பாட்டுக்கென விடப்பட்டிருந்த 43ஆம் விருப்பப் புலத்தில் பூட் சர்வர்களின் பட்டியல், மெனுவின் வரிகள், ‘எஃப்8 அழுத்துக’ என்பது போன்ற அழைப்பு வாசகம், காத்திருக்கும் நேரம் ஆகிய நான்கும் அடங்கின. நேரத்துக்கு ஒரே ஒரு பைட். அதில் 0 இருந்தால் காத்திராமல் முதல் வரியைத் தேர்ந்துகொள்ளும். 255 இருந்தால் யாராவது விசையைத் தொடும்வரை காத்திருக்கும்.

டிஎச்சிபியில் ஒரு விருப்பப் புலத்தின் நீளத்தைக் குறிக்கவும் ஒரு பைட்தான். ஆகவே எல்லாம் சேர்ந்து 255 பைட்டைத் தாண்ட முடியாது. பத்து வரிக்கு மேல் விளக்கமாக எழுதினால் இடம் போய்விடும். மெனுவை மாற்றியமைப்பது என்றால் அப்போது இந்த பைட்டுகளைத் திருத்துவதுதான். அதற்குத் தனிக் கருவி இல்லாத இடங்களில், பதினாறெண் முறையில் நீளத்தைக் கையால் எண்ணி எழுத வேண்டியிருந்தது. ஓர் எழுத்தைக் கூட்டிவிட்டு நீளத்தைத் திருத்த மறந்தால் மெனு மொத்தமும் பாழ்.

இதைவிடச் சுவாரசியமான விஷயம், அந்த மெனுவின் ஒவ்வொரு வரியும் எதைச் சுட்டியது என்பது. இமேஜை அல்ல, ஒரு ‘சர்வர் வகை’யை. வரையறையே எண்களை ஒதுக்கியிருந்தது: 1 மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் என்டி சர்வருக்கு, 2 இன்டெல்லின் மேலாண்மை மென்பொருளுக்கு, 5உம் 6உம் ஐபிஎம்முக்கு, 8 எச்பி ஓப்பன்வியூவுக்கு. ஓர் அலுவலகத்தில் பல நிறுவனங்களின் சர்வர்கள் இருக்கும், அவற்றில் ஒன்றைப் பயனர் தேர்ந்தெடுப்பார் என்ற கற்பனையில் எழுந்த மெனு அது. நடைமுறையில் பெரும்பாலான இடங்களில் ஒரே சர்வர்தான் இருந்தது. அங்கே தேவைப்பட்டதோ பல இமேஜ்கள். வரையறை எழுதியவர்கள் எதிர்பார்த்த வேலைக்கு மெனு பயன்படவில்லை. பயன்பட்ட வேலைக்கு அந்த வடிவம் பொருந்தவில்லை.

கோப்பு வாங்கித் தந்த சுதந்திரம்

இந்த முடிச்சை அவிழ்த்தது எச். பீட்டர் ஆன்வின். 1994இல் அவர் தொடங்கிய சிஸ்லினக்ஸ் பிளாப்பியிலிருந்து லினக்ஸைத் தொடங்குவதற்கானது. பிஎக்ஸ்இலினக்ஸ் அதன் நெட்வொர்க் வடிவம். உத்தி எளிது. கணினியோடு வரும் ஃபெர்ம்வேரின் மெனுவைத் தொடவே வேண்டாம். ஒரு சிறு நிரலை மட்டும் டிஎஃப்டிபி வழியாக இறக்கவிடுவோம். மெனுவை அந்த நிரல் சர்வரில் உள்ள ஒரு சாதாரண உரைக்கோப்பிலிருந்து படித்துக்கொள்ளட்டும். 255 பைட் எல்லை ஒரே அடியில் காணாமல் போனது.

அந்தக் கோப்பை அது தேடும் முறையில்தான் ஆன்வினின் நுட்பம் தெரிகிறது. முதலில் கணினியின் தனி அடையாள எண்ணில் ஒரு கோப்பு உண்டா என்று பார்க்கும். அடுத்து, முன்னால் 01 சேர்த்த மேக் முகவரியில். பிறகு ஐபி முகவரியைப் பதினாறெண்ணாக்கித் தேடும்: 192.168.1.10 என்றால் சி0ஏ8010ஏ. கிடைக்காவிட்டால் கடைசி இலக்கத்தை வெட்டிவிட்டு சி0ஏ8010, பிறகு சி0ஏ801 என்று குறைத்துக்கொண்டே போய், எதுவும் இல்லையென்றால் ‘டீஃபால்ட்’ என்ற பொதுக்கோப்பைப் படிக்கும். தனிக் கணினிக்கு ஒரு மெனு, கூடத்துக்கு ஒரு மெனு, நிறுவனம் முழுமைக்கும் ஒரு மெனு என்ற படிநிலையைத் தரவுத்தளம் எதுவும் இல்லாமல் கோப்புப் பெயர்களை மட்டும் வைத்தே கட்டிவிட்டார். இந்த வரலாற்றிலேயே மிகச் சிக்கனமான வடிவமைப்பு இது என்று தயங்காமல் சொல்லலாம்.

மெனுவின் தோற்றம் பின்னால் சேர்ந்தது. மெனு.சி32 என்ற துணைநிரல் கட்டம்போட்ட பட்டியலைத் தந்தது, வெசாமெனு.சி32 பின்னணிப் படத்தைக் கொண்டுவந்தது. அலங்காரம் பரவலான பிறகுதான் மெனு வெளியாட்கள் கண்ணிலும் பட்டது. கணினிக்கூடத்து மாணவர் டேப் விசையைத் தட்டி கெர்னலுக்குப் போகும் கட்டளை வரியைத் திருத்திவிட முடியும். ஆகவே தலைமைக் கடவுச்சொல், வரிக்கு வரி கடவுச்சொல், மெனுவையே ஒளித்துவைக்கும் வசதி எல்லாம் சேர்ந்தன. எதைத் தொடங்கலாம் என்பதோடு யார் தொடங்கலாம் என்பதும் இப்படி மெனுவின் வேலையாயிற்று.

அந்தக் கேள்வியை மைக்ரோசாஃப்ட் இன்னொரு திசையிலிருந்து அணுகியது. விண்டோஸ் 2000 சர்வருடன் வந்த ஆர்ஐஎஸ் சேவையில் மெனுத் திரைகள் ஓஎஸ்சி என்ற வகைக் கோப்புகளாக இருந்தன. வலைப்பக்கம் எழுதும் குறிமொழியைப் போன்ற ஒன்றில் எழுதப்பட்டவை; நோட்பேடில் திறந்து திருத்தலாம். பயனர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து நுழைந்த பிறகே பட்டியல் வரும். அவருக்குப் படிக்க அனுமதியுள்ள இமேஜ்கள் மட்டும் அதில் இருக்கும். வன்தட்டில் உள்ளதெல்லாம் அழியும் என்று எச்சரிக்க ஒரு தனித் திரையும் உண்டு. பின்னால் ஆர்ஐஎஸ் இடத்துக்கு வந்த டபிள்யூடிஎஸ் இந்தத் திரைகளைக் கைவிட்டது. அதன் மெனுவில் பூட் இமேஜ்களின் பெயர்ப் பட்டியல் தவிர மாற்றியமைக்கப் பெரிதாக எதுவும் இல்லை. இதில் சலித்த அட்மின்கள் பிஎக்ஸ்இலினக்ஸ் கோப்பின் பின்னொட்டைச் சர்வர் ஏற்றுக்கொள்ளும்படி மாற்றி டபிள்யூடிஎஸ்ஸுக்கு உள்ளேயே வைத்து, அதன் மெனுவில் விண்டோஸையும் ஒரு வரியாக்கினார்கள். விருந்தாளி வீட்டுக்காரரானார்.

கோப்பு போதாமல் போனது

கோப்பு முறைக்கும் எல்லை உண்டு. 2007இல் தொடங்கிய ஃபாக் என்ற கட்டற்ற இமேஜிங் மென்பொருளின் பழைய பதிப்புகளைப் பார்த்தால் அது விளங்கும். ஒரு கணினிக்கு இமேஜ் இறக்கும் பணியை அட்மின் இணையப் பக்கத்தில் கொடுத்தால், ஃபாக் அந்தக் கணினியின் மேக் முகவரியில் ஒரு பிஎக்ஸ்இலினக்ஸ் கோப்பை எழுதிவைக்கும். வேலை முடிந்ததும் அழித்துவிடும். நூறு கணினிக்குப் பணி கொடுத்தால் நூறு கோப்பு எழுதி நூறையும் அழிக்க வேண்டும். ஒன்று அழியாமல் தங்கிவிட்டால் அந்தக் கணினி ஒவ்வொரு முறையும் இமேஜ் இறக்கும் வேலைக்கே திரும்பும். நிரந்தர அமைப்புக்கென்று இருந்த கோப்பை, மணிக்கு மணி மாறும் செய்தியைச் சொல்லப் பயன்படுத்தியதன் விளைவு இது.

விடை ஐபிஎக்ஸ்இ தரப்பிலிருந்து வந்தது. 1990களின் ஈதர்பூட் திட்டம் ஜிபிஎக்ஸ்இ ஆனது. 2010இல் மைக்கேல் பிரவுன் அதிலிருந்து பிரிந்து ஐபிஎக்ஸ்இயைத் தொடங்கினார். இது வெறும் ஏற்றி அல்ல; மாறிகளும் நிபந்தனைகளும் தாவல்களும் கொண்ட ஒரு சிறு நிரல்மொழி. மெனு, ஐட்டம், சூஸ் என்ற மூன்று கட்டளைகள் அதில் 2012இல் சேர்ந்தன. அதைவிடப் பெரிய மாற்றம், நிரலை எச்டிடிபி வழியாகக் கேட்டு வாங்கலாம் என்பது. மேக் முகவரி, உற்பத்தியாளர் பெயர், மாடல், வரிசை எண் எல்லாவற்றையும் கேள்வியோடு சேர்த்து அனுப்பலாம். சர்வரில் உள்ள இணைய நிரல் அவற்றைப் பார்த்து, அந்தக் கணினிக்கென்று அந்த நொடியில் மெனுவை எழுதித் தரும். ஃபாக்கும் தன் 1.0 பதிப்பிலிருந்து இந்த முறைக்கு மாறியது. பணி காத்திருந்தால் மெனுவே வராது, நேராக இமேஜ் இறங்கும். இல்லாவிட்டால் மெனு வரும். அதிலும் பதிவான கணினிக்கு ஒரு வரி, பதிவாகாததற்கு வேறு வரி.

வேகமும் ஒரு காரணம். டிஎஃப்டிபி 512 பைட்டை அனுப்பிவிட்டு ஒப்புகைக்குக் காத்திருந்து அடுத்த துண்டை அனுப்பும். போய்வர ஒரு மில்லிவிநாடி ஆனாலும் விநாடிக்கு அரை மெகாபைட்டுக்கு மேல் போகாது. துண்டு எண்ணுக்கு 16 பிட்தான் என்பதால் பழைய வடிவில் 32 மெகாபைட்டைத் தாண்டினாலே சிக்கல். துண்டின் அளவைக் கூட்ட 1995இல் வழி வந்தது என்றாலும் சில நூறு மெகாபைட் கொண்ட விண்டோஸ் பூட் இமேஜுக்கு எச்டிடிபியே ஏற்றது.

பழைய கோப்புகளை நிரலாக மாற்றியவர்கள் இடறிய இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பிஎக்ஸ்இலினக்ஸ் காத்திருப்பு நேரத்தை விநாடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணும். ஐபிஎக்ஸ்இ மில்லிவிநாடியில் எண்ணும். ஐந்து விநாடிக்கு அங்கே 50, இங்கே 5000. பழைய 50ஐ அப்படியே பெயர்த்தால் மெனு கண்ணிமைக்கும் முன் மறைந்துவிடும். டீஃபால்ட் வரி வன்தட்டாக இருந்தால் தொல்லையில்லை. இமேஜ் இறக்கும் வரியாக இருந்தால் வன்தட்டு போச்சு.

யூஇஎஃப்ஐக்குப் பிறகு

கணினிகளின் ஃபெர்ம்வேரில் பயாஸ் போய் யூஇஎஃப்ஐ வந்ததும் ஒரே பூட் நிரல் எல்லாக் கணினிக்கும் என்ற வசதி போனது. கணினி தன் கட்டமைப்பை டிஎச்சிபியின் 93ஆம் விருப்பத்தில் எண்ணாகச் சொல்கிறது: பழைய பயாஸ் 0, 64 பிட் யூஇஎஃப்ஐ என்றால் 7 அல்லது 9. இந்த இரண்டு எண்களும் ஆவணத்துக்கும் நடைமுறைக்கும் இடையே குழம்பிப்போனதால் அட்மின்கள் இரண்டுக்கும் ஒரே பதிலை எழுதிவைக்கிறார்கள். 2015இல் வந்த யூஇஎஃப்ஐ 2.5 எச்டிடிபி பூட்டை ஃபெர்ம்வேருக்குள்ளேயே கொண்டுவந்தது. செக்யூர் பூட் கையொப்பமில்லாத நிரலை ஏற்காததால், அட்மின் தானே தொகுத்த ஏற்றிக்கு வாசல் குறுகியது. சிஸ்லினக்ஸின் 6.03 பதிப்பு 2014இல் வந்தது. அதற்குப் பின் நிலைப்பதிப்பு வரவில்லை. நிறுவல் ஊடகத்தில் உள்ள பூட் இமேஜை வைத்து டபிள்யூடிஎஸ் வழியாக விண்டோஸ் 11 நிறுவுவதை மைக்ரோசாஃப்ட் தடுத்துவிட்டது.

இத்தனை மாற்றத்திலும் அசையாத ஒன்று மொழி. விஜிஏ எழுத்துமுறையில் 256 அல்லது 512 வடிவங்களுக்குத்தான் இடம். கொம்பை மெய்க்கு முன்னால் நகர்த்தவும், உயிர்க்குறியை மெய்யோடு இணைக்கவும் தெரிந்த எழுத்துருப் பொறி பிஎக்ஸ்இலினக்ஸிலோ ஐபிஎக்ஸ்இயிலோ கிடையாது. தமிழில் மெனு வேண்டுபவருக்கு இருக்கும் வழி, வாசகத்தைப் பின்னணிப் படத்திலேயே வரைந்துவிடுவது. அலங்காரம் என்று மேலே சற்றே இளக்காரமாகச் சொன்ன வசதி இங்கே உதவிக்கு வருகிறது.

இந்த வரலாற்றுக்கான சான்றுகள் வரையறை ஆவணங்களில் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் கைவிடப்பட்ட சர்வர்களில், அட்மின்கள் எழுதிய மெனுக் கோப்புகளிலும் அவற்றின் ஓரக் குறிப்புகளிலும் கிடக்கிறது. பழைய சர்வரை ஓரங்கட்டுபவர்கள் வன்தட்டை அழிக்கும் முன் பிஎக்ஸ்இலினக்ஸ் அமைவு அடைவையும் ஐபிஎக்ஸ்இ நிரல்களையும் கடவுச்சொற்களை நீக்கிவிட்டு ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும்.